மண் யாருடையது, சுவர் யாருடையது: ஆங்கில வீட்டுப் பெயர்களைப் படிக்கும் வழி

'பிளாட் விற்பனைக்கு' என்று நாளிதழின் வரி விளம்பரத்தில் வந்தால், விலையையும் அளவையும் பார்த்த பிறகுதான் விற்பது வெறும் மனையா, நாலாவது மாடிக் குடியிருப்பா என்று நமக்குப் பிடிபடும். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதும்போது பலர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஒன்றில் மண் மட்டும் உண்டு, சுவர் கிடையாது. மற்றதில் சுவர் உண்டு, தனக்கே தனக்கென்று மண் கிடையாது. ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் வீட்டுப் பெயர்களைப் படம் போட்டு விளக்குகின்றன: புகைக்கூண்டு வைத்த சின்ன வீடு காட்டேஜ், உயர்ந்த கட்டடத்தில் ஒரு தளம் அபார்ட்மென்ட், தோட்டத்துக்கு நடுவே பெரிய வீடு மேன்ஷன். தேர்வு எழுத இது போதும். லண்டனிலோ டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவருக்குப் போதாது. விலையைத் தீர்மானிக்கும் ஆங்கில வீட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை வீட்டின் உருவத்தைச் சொல்வதைவிட, அடியில் இருக்கும் மண் யாருடையது, பக்கச் சுவரும் கூரையும் யாருடையவை, எத்தனை ஆண்டுக்கு உங்களுடையவை என்பதைத்தான் சொல்கின்றன. இந்த அத்தியாயம் அந்தக் கோணத்திலிருந்து அவற்றைப் படிக்கப் பார்க்கிறது.

இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். அங்கே வீடு பார்க்கிறவர் காதில் முதலில் விழும் மூன்று சொற்கள் டிடாச்டு, செமி டிடாச்டு, டெரஸ்டு. மூன்றும் சுவரைப் பற்றியவை. நாலு பக்கமும் யாரோடும் ஒட்டாமல் நிற்பது டிடாச்டு. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு பொதுவாக இருப்பது செமி. இரண்டு பக்கமும் பொதுச் சுவராக, தெரு நீளத்துக்கு வரிசையாக நிற்பவை டெரஸ்டு. அந்த வரிசையின் கடைசி வீட்டுக்கு ஒரு பக்கம் திறந்திருப்பதால் அதற்கு 'எண்ட் டெரஸ்' என்று தனிப் பெயரும், நடு வீட்டைவிடச் சற்றுக் கூடுதல் விலையும் உண்டு. நம் ஊர்க்காரர் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார். நமக்கு டெரஸ் என்றால் மொட்டை மாடி. 'டெரஸ் வீடு' என்றால் ஓடு போடாமல் தளம் போட்ட வீடு. ஆங்கிலேயரின் டெரஸ் வீட்டுக்குச் சரிவான கூரைதான் இருக்கும், வடகம் காயவைக்க அங்கே இடமில்லை. இந்தச் சொற்களில் எதுவும் அறை எத்தனை, வீடு அழகா, பழையதா என்று சொல்வதில்லை. ஆனால் சுவர் பொதுவா இல்லையா என்பது சட்டப்படி கனமான விஷயம். 1996-ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சுவரில் விட்டம் செருகவோ அதை உயர்த்தவோ நினைப்பவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் அளவையாளர்களை அமர்த்த வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் வேலை செய்கிறவர் தலையில்தான் விழும். பின்சுவரும் பொதுவாகி, வாசல் பக்கம் மட்டுமே திறந்திருந்த 'பேக் டு பேக்' வீடுகளும் ஒரு காலத்தில் லீட்ஸிலும் பர்மிங்ஹாமிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. காற்றோட்டம் இல்லை என்று 1909-இல் சட்டம் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. லீட்ஸில் மட்டும் முன்பே பெற்ற அனுமதிகளை வைத்து 1930-கள் வரை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுவரைப் படித்தது போலக் கூரையையும் படித்தால் 'ஃப்ளாட்' என்ற சொல் பிடிபடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்குகிறவர் ஏறக்குறைய எப்போதுமே 'லீஸ்ஹோல்டு' முறையில்தான் வாங்குகிறார்: 99 ஆண்டு, 125 ஆண்டு, சில சமயம் 999 ஆண்டு அந்த இடத்தில் இருக்கும் உரிமை. மண்ணும் கட்டடமும் 'ஃப்ரீஹோல்டர்' என்ற இன்னொருவருடையவை. இது ஏதோ நிலப்பிரபுக்களின் பேராசை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. சட்டத்தில் இதற்கு ஒரு முடிச்சு இருக்கிறது. இன்ன செலவை நான் செய்வேன் என்று நிலத்தின் முழு உரிமையாளர் ஒருவர் கொடுக்கும் வாக்குறுதி, அவர் விற்றுப்போன பிறகு அடுத்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது என்பது ஆங்கில நீதிமன்றங்கள் 1885-இல் எடுத்த நிலை. 1994-இல் பிரபுக்கள் சபை அதை மறுபடி உறுதிசெய்தது. அப்படியானால் மேல்மாடிக்காரர் கூரையைப் பழுதுபார்ப்பேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு விற்றுப்போனால், கீழ்வீட்டுக்காரர் நனைய வேண்டியதுதான். குத்தகையில் எழுதிய கடமையோ கைமாறினாலும் கூடவே போகும். அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகளுக்கு அங்கே குத்தகை ஒன்றே வழியாக நிலைத்தது. இதற்கு மாற்றாக 2002-இல் 'காமன்ஹோல்டு' என்று ஒரு முறையைச் சட்டமாக்கினார்கள். அதை எடுத்துக்கொண்ட கட்டடங்கள் மிகச் சில.

சென்னை வாசகர் இங்கேதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 'லீஸுக்கு வீடு' என்று நம் ஊரில் பலகை தொங்கினால் அது ஒத்தி: மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. லண்டன் லீஸில் கொடுத்த பணத்தை ஃப்ரீஹோல்டர் திருப்பித் தர மாட்டார். உங்கள் கையில் இருப்பது ஆண்டுகள். அவை கரைந்துகொண்டே வரும். மிச்சமிருக்கும் காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிப்புச் செலவு சட்டென்று ஏறுவது நெடுநாள் விதி. 2024-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்க வழிசெய்திருந்தாலும், அதன் பிரிவுகள் ஒவ்வொன்றாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. 2022 ஜூன் 30 முதல் எழுதப்பட்ட பெரும்பாலான புதிய நீண்டகாலக் குத்தகைகளில் நிலவாடகை வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய குத்தகைகளில் அது உண்டு; பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்படி எழுதிய குத்தகைகளும் இருக்கின்றன. ஆகவே 'டூ பெட் ஃப்ளாட்' என்ற விளம்பரத்தில் அறை எண்ணிக்கைக்கு அடுத்துத் தேட வேண்டியது ஆண்டு எண்ணிக்கை.

எல்லைக் கோட்டைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே ஃப்ளாட்டை முழு உரிமையோடு வாங்கலாம். பல ஃப்ளாட்டுகள் அடங்கிய கட்டடத்துக்கு 'டெனமென்ட்' என்று பெயர். அதில் ஏழ்மையின் வாடை எதுவும் கிடையாது. எடின்பரோவின் விலையுயர்ந்த கல் கட்டடங்களும் டெனமென்ட்தான். கூரை, அடித்தளம், படிக்கட்டு ஆகியவற்றின் பழுதுச் செலவை யார் யார் எப்படிப் பகிர்வது என்பதற்கு 2004-இல் டெனமென்ட் என்ற பெயரையே தலைப்பில் தாங்கிய சட்டம் வந்தது. அதே சொல் நியூயார்க்கில் காற்றும் வெளிச்சமும் இல்லாத, குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடங்களை நினைவூட்டும். அங்கே 1867-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று குடும்பங்களுக்கு மேல் தனித்தனியாகச் சமைத்து வாழும் வாடகைக் கட்டடம் என்றுதான் டெனமென்டுக்கு இலக்கணம் வகுத்தது. அழுக்கைப் பற்றி இலக்கணத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒட்டிக்கொண்ட அழுக்கு அந்தக் கட்டடங்களின் வரலாறு சேர்த்தது.

வட அமெரிக்காவுக்கு வந்தால் என் வாதத்துக்குத் தோதான சாட்சி 'டவுன்ஹவுஸ்'. டொரன்டோவிலும் அதைச் சுற்றிய ஸ்கார்பரோ, மார்க்கம் போன்ற இடங்களிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாங்குவது இந்த வகை வீடுகளை. இரண்டு மூன்று தளம், பக்கத்தில் பொதுச் சுவர், முன்னால் கார் நிறுத்தும் இடம். அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இரண்டு டவுன்ஹவுஸ்கள் நிற்கலாம். ஒன்று 'ஃப்ரீஹோல்டு', மற்றது 'காண்டோ'. முதலாவதில் மண்ணும் கூரையும் உங்களுடையவை. பனி அள்ளுவதும் கூரை மாற்றுவதும் உங்கள் பாடு. இரண்டாவதில் எல்லா உரிமையாளரும் சேர்ந்த கழகம் ஒன்று இருக்கும். மாதந்தோறும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். வெளிக்கதவின் நிறத்தை மாற்றக்கூட அதன் அனுமதி தேவைப்படலாம். அந்தக் கழகத்தின் சேமநிதி எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா, சிறப்புக் கட்டணம் வரப்போகிறதா என்பதைச் சொல்லும் 'ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட்' என்ற ஆவணத்தை ஒன்டாரியோவில் யார் கேட்டாலும், 100 டாலருக்கு மிகாத கட்டணத்தில், பத்து நாளுக்குள் தந்தாக வேண்டும். ஒரே படத்தின் கீழே எழுதக்கூடிய இரண்டு வீடுகளுக்கு இத்தனை வேறுபாடு. படம் போட்ட அகராதி இதில் ஒரு பயனும் தராது.

காண்டோ என்பது அங்கே கட்டடத்தின் உருவத்தைக் குறிப்பதில்லை, உரிமையின் முறையைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவில் இதற்கு வயதும் குறைவு. போர்ட்டோ ரிக்கோ 1958-இல் இதற்குச் சட்டம் இயற்றியது, 1960-இல் யூட்டா, அடுத்த பத்தாண்டுக்குள் எல்லா மாநிலங்களும். நியூயார்க்கில் இன்னொரு முறையும் பரவலாக இருக்கிறது, 'கோ-ஆப்'. அதில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை. அந்தப் பங்குகளோடு உங்கள் அறைகளுக்கான குத்தகை வருகிறது. பணம் தயாராக இருந்தாலும் கோ-ஆப் நிர்வாகக் குழு உங்களை நேர்காணல் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பக்கத்துக் கட்டடத்தில் இதே அளவு, இதே சன்னல் கொண்ட காண்டோவை வாங்க இந்தத் தேர்வு கிடையாது. விலை வேறுபாட்டுக்கு ஒரு காரணம் இதுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் மடக்கலாம்: பங்களா, காட்டேஜ், மேன்ஷன் எல்லாம் உருவத்தைத்தானே சொல்கின்றன, அகராதியும் அப்படித்தானே பொருள் தருகிறது? நியாயமான கேள்வி. உருவத்தைச் சொல்லும் பெயர்கள் ஆங்கிலத்தில் நிறையவே உண்டு. ஆனால் ஊர் மாறியதும் மிக எளிதாகக் கைவிடுபவை அவைதாம். வங்காளத்துக் குடிசை அமைப்பிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட பெயர் பங்களா. இந்தியாவில் அது கலெக்டர் வசிக்கும் பெரிய வீடு. 1870-ஐ ஒட்டி கென்ட் கடற்கரையில் முதல் ஆங்கிலப் பங்களாக்கள் எழுந்தன. இன்று பிரிட்டனில் பங்களா என்றால் மாடிப்படி ஏற முடியாத வயதானவர்கள் விரும்பும் ஒற்றைத் தள வீடு. சிங்கப்பூரில் அது இரண்டு மாடியோடும் இருக்கலாம், ஆனால் தனித்து நிற்க வேண்டும், அடியில் குறைந்தது 400 சதுர மீட்டர் மனை வேண்டும். 'குட் கிளாஸ் பங்களா' என்ற உயர்வகைக்கு 1,400 சதுர மீட்டர். கவனியுங்கள்: அரசு ஒன்று இந்தப் பெயரை இறுக்கிப் பிடிக்க நினைத்தபோது கையில் எடுத்த அளவுகோல் மண்.

மேன்ஷன் கதை இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் அது செல்வந்தர் மாளிகை. லண்டனில் 'மேன்ஷன் பிளாக்' என்பது விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்காகக் கட்டிய அடுக்ககம். ஆல்பர்ட் ஹால் அருகே 1880-களில் எழுந்தது அதன் பெயர்பெற்ற மாதிரி. ஜப்பானில் கான்கிரீட்டில் கட்டிய எந்த அடுக்கு வீடும் மேன்ஷன். ஹாங்காங்கின் சுங்கிங் மேன்ஷன்ஸ், மலிவு விடுதிகளும் நாணய மாற்றுக் கடைகளும் நிறைந்த கட்டடம். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. வேலை தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு மூன்று தலைமுறை ஆண்கள் அங்கே ஓர் அறைக்குள் மூன்று கட்டிலோடு இருந்திருக்கிறார்கள். உருவப் பெயர்களைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. கட்டுகிறவரும் விற்கிறவரும் இஷ்டத்துக்கு இழுக்கலாம். பத்திரப்பதிவும் நீதிமன்றமும் கையாளும் சொல்லை அப்படி இழுத்தால் வழக்கு வரும். அதனால் அது ஒரு நாட்டுக்குள்ளாவது நிலையாக நிற்கிறது.

ஒரு நாட்டுக்குள்ளாவது என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உரிமையைச் சொல்லும் பெயர்களும் எல்லை தாண்டினால் மாறுகின்றன என்பது என் வாதத்துக்கு எதிரான வலுவான தடை. டெனமென்டில் அதைப் பார்த்தோம். சிங்கப்பூரில் காண்டோ என்றால் நீச்சல் குளமும் காவலாளும் சுற்றுச்சுவரும் உள்ள தனியார் அடுக்ககம். அது ஃப்ரீஹோல்டாகவும் இருக்கலாம், 99 ஆண்டுக் குத்தகையாகவும் இருக்கலாம். காண்டோ என்ற பெயர் அதைச் சொல்லாது. நாட்டவரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீ.வ.க.) என்ற அரசு அமைப்பு கட்டிய வீடுகளில். வாடகை கொடுத்து வாழ்கிறவர்கள் என்று தவறாக நினைக்கப்படும் இந்த வீட்டுக்காரர்கள் உண்மையில் பெரும்பாலும் வாங்கியவர்கள். அவர்கள் வாங்கியதும் 99 ஆண்டுக் குத்தகைதான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 1961-இல் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்டா' முறையை மலேசியாவும் தழுவிக்கொண்டது. காண்டோ செய்யும் வேலையை அங்கே அந்தப் பெயர் செய்கிறது. ஆகவே சொல்லை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சுமந்து போகாதீர்கள். மண், சுவர், ஆண்டு பற்றிய கேள்விகளைச் சுமந்து போங்கள். அந்த நாட்டில் எந்தப் பெயர் அவற்றுக்குப் பதில் வைத்திருக்கிறது என்று தேடுங்கள்.

மண்ணைக் கேட்காமல் கூரையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு பெயர்கள் காட்டுகின்றன. ஆங்கிலக் கிராமத்துக் காட்டேஜ் நாட்காட்டிப் படங்களில் ரோஜாக் கொடியோடு வரும். ஆனால் 'டைடு காட்டேஜ்' என்று ஒன்று இருந்தது: பண்ணைத் தொழிலாளிக்கு வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் குடும்பங்களுக்குத் தகுந்த பாதுகாப்பு இருக்கவில்லை. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயமும் இதே கயிற்றில் கட்டியதுதான். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் லயன், லயம் என்றாகி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய ஒற்றை அறைகளைக் குறித்தது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு லயமும் ஆங்கில டெரஸ் வரிசையும் தூரத்து உறவு போலத் தோன்றும். டெரஸ் வீட்டில் மண்ணை விலைக்கு வாங்கலாம். லயத்துக் காம்பராவில் பல தலைமுறை வாழ்ந்தும் அடி மண் தோட்டத்துடையது. மலையகத் தமிழரின் கோரிக்கை நல்ல வீடு என்பதோடு நிற்காமல் காணி உரிமையையும் சேர்த்தே எழுந்ததும், 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் பெரிய அரசியல் பேச்சானதும் அதனால்தான். கோவை, திருப்பூர்ப் பக்கத்து 'லைன் வீடு' வாடகை வீடுதான், அதன் கதை வேறு.

அமெரிக்காவின் 'மொபைல் ஹோம்' இன்னொரு வகை. பெயரைக் கேட்டால் ஊர் ஊராகப் போகும் வண்டி என்று தோன்றும். பெரும்பாலானவை ஒரு முறை இறக்கி வைத்தால் நகர்வதே இல்லை. தொழிற்சாலையில் கட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து இழுத்து வரும் இந்த வீடுகளுக்கு 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் கட்டுமான விதி உண்டு. அதற்குப் பின் செய்தவை சட்டத்தில் 'மேனுஃபேக்சர்டு ஹோம்', முன் செய்தவையே மொபைல் ஹோம். இந்தத் தேதி வெறும் பெயர் விவகாரம் அல்ல, பழையவற்றுக்கு வங்கிக் கடனும் காப்பீடும் கிடைப்பது அரிது. அதைவிடப் பெரிய சிக்கல் வீடு உங்களுடையதாகவும் அது நிற்கும் மனை, இத்தகைய வீடுகளை வரிசையாக நிறுத்தும் 'மொபைல் ஹோம் பார்க்'கின் உரிமையாளருடையதாகவும் இருப்பது. பல மாநிலங்களில் வீட்டுக்கான ஆவணம் கார் ஆவணம் போன்றது. மனை வாடகையை ஏற்றினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது ஏட்டுச் சுரைக்காய். இழுத்துச் செல்லும் செலவு பல ஆயிரம் டாலர், பழைய வீடு வழியிலேயே உடையவும் கூடும்.

விற்கிறவர்கள் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்களே, எந்தச் சொல்லை நம்புவது என்பது அடுத்த தடை. பிரிட்டனில் ஃப்ளாட்டை அபார்ட்மென்ட் என்று அழைத்தால் கொஞ்சம் பளபளப்பு. அமெரிக்காவில் அந்தச் சொல் பெரும்பாலும் வாடகை வீட்டுக்கு. 'டூப்ளெக்ஸ்' என்றால் அமெரிக்காவின் பல ஊர்களில் இரண்டு குடும்பங்களுக்கான ஒரு கட்டடம். நியூயார்க் நகரத்திலும் நம் ஊரிலும் உள்ளேயே மாடிப்படி வைத்த ஒரே வீடு. இந்தியச் சட்டம் இந்தக் குழப்பத்தைத் தெரிந்தே கையாண்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் 'ரேரா' சட்டம் அபார்ட்மென்டுக்கு இலக்கணம் சொல்லும்போது ஃப்ளாட், டெனமென்ட், யூனிட், கடை, கிடங்கு என்று ஒரு பட்டியலே கொடுத்து, வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் இதில் அடக்கம் என்று முடித்துவிடுகிறது. பெயரைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. வாங்குகிறவரும் பொருட்படுத்தத் தேவையில்லை. சென்னைப் புறநகரில் 'வில்லா' என்று விற்கப்படுவதில் மனை உங்கள் பெயரில் தனியாகப் பதிவாகிறதா, அல்லது மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூடிஎஸ் மட்டும்தானா என்று பத்திர வரைவில் பாருங்கள். பார்வைக்குத் தனி வீடாக நிற்கும் வில்லா, பத்திரத்தில் படுக்கவைத்த அடுக்கு வீடாக இருக்கக்கூடும். அடுக்கு வீட்டிலும் கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பைத் தாங்கி நிற்பது அந்தப் பங்கு நிலம்தான். அளவைக் கேட்கும்போது 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கை ஒதுக்கிவிட்டு, ரேரா கேட்கும் 'கார்பெட் ஏரியா'வைச் சொல்லச் சொல்லுங்கள். முன்னதில் படிக்கட்டும் நடைவழியும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

வாடகைக்குப் போகிறவருக்கு மண் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மண்ணை அவர் விட்டுவிடலாம், சுவரை விட முடியாது. எந்தக் கதவுக்குள் நீங்கள் மட்டும், எந்தக் கதவு வரை மற்றவர்களும் என்பதே அவருக்கான கேள்வி. சென்னையின் 'போர்ஷன்', மதுரையின் காம்பவுண்டு வீடு, கொழும்பின் 'அனெக்ஸ்', டொரன்டோவின் 'பேஸ்மென்ட்' எல்லாம் வேறொருவர் வீட்டின் ஒரு கூறு. தனி வாசல், தனிக் குளியலறை, தனி மின்மானி ஆகிய மூன்றில் எது உண்டு எது இல்லை என்பதில்தான் வாடகையும் நிம்மதியும் இருக்கின்றன. பேஸ்மென்டில் தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியோ போதிய அளவு சன்னலோ உண்டா, நகராட்சி அனுமதி பெற்றதா என்றும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் சமையலறையையோ கழிவறையையோ பகிர்ந்தாலே அது 'ஹெச்எம்ஓ' என்ற சட்ட வகைக்குள் வந்துவிடும். ஐந்து பேர் என்றால் உரிமம் கட்டாயம். அப்படி உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. படிக்கப் போகும் பிள்ளைகள் இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால் அலமாரி அளவு அறைக்கு முன்பணம் கட்ட மாட்டார்கள். அறை எண்ணும் முறையும் மாறும்: நம் '3 பிஹெச்கே'யில் படுக்கையறை மட்டுமே மூன்று, சிங்கப்பூர் வீ.வ.க.வின் 'த்ரீ ரூம் ஃப்ளாட்'டில் கூடத்தையும் சேர்த்துத்தான் மூன்று, படுக்கையறை இரண்டே. கனடாவில் 'பேச்சலர்' என்று விளம்பரம் வந்தால் மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். படுக்கையும் கூடமும் ஒன்றான ஒற்றை அறை வீடு அது, மற்ற இடங்களில் 'ஸ்டுடியோ'.

இனி ஒரு விளம்பரத்தைப் படித்துப் பார்க்கலாம். லண்டனில் இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம்: 'எக்ஸ்-கவுன்சில் மெசனெட், டூ பெட், லீஸ் 92 இயர்ஸ்'. மெசனெட் என்பதால் உள்ளே படிக்கட்டோடு இரண்டு தளம் இருக்கலாம், தெருவிலிருந்தோ பொது நடைவழியிலிருந்தோ தனி வாசல் இருக்கலாம். நேரில் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குமேல் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்ஸ்-கவுன்சில் என்பது உள்ளாட்சி மன்றம் வாடகைக்குக் கட்டி, பெரும்பாலும் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவர்களுக்கு வாங்கும் உரிமை கொடுத்த பிறகு விற்ற வீடு. கட்டுமானம் பொதுவாக உறுதியாக இருக்கும், அறைகளும் பெரியவை. ஆனால் ஃப்ரீஹோல்டர் பெரும்பாலும் இன்னமும் அதே மன்றம்தான். கூரை மாற்றவோ மின்தூக்கி வைக்கவோ அது முடிவெடுத்தால் உங்கள் பங்குக்கான தொகை ஒரே கடிதத்தில் வரும், சில சமயம் ஆயிரக்கணக்கான பவுண்டில். எனவே அடுத்த சில ஆண்டுகளுக்கு என்ன பெரிய வேலைகள் திட்டத்தில் உள்ளன என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். கடைசியாக அந்த 92. நீங்கள் 25 ஆண்டுக் கடன் எடுத்தால், கடன் முடியும்போது மிஞ்சுவது 67. பன்னிரண்டாம் ஆண்டிலேயே 80-ஐத் தொட்டுவிடும். அன்றைக்கு உங்களிடமிருந்து வாங்க வருகிறவரின் வங்கியும் இதே கணக்கைப் போடும். நீட்டிப்புக்கு என்ன செலவாகும் என்று ஓர் அளவையாளரிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.